சம்பள வரிசை

மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் ஒரு சம்பளத் தகராறு இருக்கிறது. திராட்சைத் தோட்ட முதலாளி ஒருவர் விடியற்காலையில் ஆள் பிடிக்கப் போகிறார். நாள் கூலி ஒரு தெனாரியம் என்று பேசி ஆட்களைத் தோட்டத்துக்கு அனுப்புகிறார். ஒன்பது மணிக்கும் நண்பகலிலும் மூன்று மணிக்கும் போய் மேலும் ஆட்களைக் கூட்டி வருகிறார். பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கையில் கடைசியாகப் போனால், அப்போதும் சிலர் நிற்கிறார்கள். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்கிறார். எங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்கிறார்கள். அவர்களையும் அனுப்புகிறார். மாலையில், கடைசியில் வந்தவர்களிலிருந்து சம்பளம் கொடுக்கச் சொல்கிறார். அவர்களுக்கு ஒரு தெனாரியம். விடியலில் வந்தவர்களுக்கும் அதே ஒரு தெனாரியம். அவர்கள் முணுமுணுக்கிறார்கள். பேசிய கூலியைத்தானே கொடுத்தேன், என் பணத்தை என் விருப்பப்படி கொடுக்க எனக்கு உரிமை இல்லையா என்கிறார் முதலாளி.

நற்செய்தியாளர் நால்வரில் மத்தேயு மட்டும்தான் இதை எழுதி வைத்திருக்கிறார். மலேசியாவில், லகாட் பக்கம் நான் வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் வேறெந்த வேதப் பகுதியும் இவ்வளவு சண்டையைக் கிளப்பியதில்லை. ஊதாரி மைந்தன் கதைக்குக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். நல்ல சமாரியர் கதைக்குத் தலையாட்டுவார்கள். இந்தக் கதைக்கு மட்டும் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள்.

ஈப்போவிலிருந்து லகாட் சாலையில் ஃபாலிம், மெங்லெம்பு தாண்டி வந்தால் ஒரு பக்கம் கிளெடாங் மலை கூடவே வரும். மறுபக்கம் ஈயம் தோண்டிக் கைவிட்ட குட்டைகள். அப்படியே போனால் பாப்பான், பூசிங். வேறு பக்கம் திரும்பினால் பத்து காஜா. கிந்தா பள்ளத்தாக்கில் தமிழனுக்கு இரண்டு வேலைதான் இருந்தது: ஒன்று தீம்பாரில், அதாவது ரப்பர் காட்டில், பாலுக்கு மரம் வெட்டுவது, மற்றொன்று லம்பம் என்ற ஈயச் சுரங்கத்தில் கூலிக்குப் போவது. எங்கள் குடும்பத்தில் இரண்டும் இருந்தன.

தொழிலாளர் வீடுகள் இருந்த லயத்தின் ஒரு கோடியில் மாரியம்மன் கோயில். மறுகோடியில், ஆயாக் கொட்டகைக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட மாதா கோயில். கிறிஸ்தவக் குடும்பங்கள் கொஞ்சம்தான். பேராக் மாநிலத்தில் தமிழ்க் கத்தோலிக்கர் வரலாறு தோட்டங்களோடு பின்னியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸ் வேதபோதக சபையின் பிரெஞ்சுக் குருக்கள் தமிழ் கற்றுக்கொண்டு இங்கே வந்தார்கள். அவர்களில் ஒருவரான ரெனே ஃபே சாமியார் பாகான் செராயில் தமிழ்க் குடும்பங்களைக் குடியேற்றிச் சூசைப்பாளையத்தை உண்டாக்கினார். பிறகு 1896-ல் மலாக்காவின் ஆயரும் ஆனார். எங்கள் பக்கத்தவர்களுக்குப் பெரிய கோயில் என்றால் ஈப்போ சிலிபினில் இருக்கும் லூர்து மாதா கோயில்தான். ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவுக்கு லாரி பிடித்துப் போவோம். மாரியம்மன் கோயில் வீட்டுப் பிள்ளைகளும் ஏறிக்கொள்வார்கள்.

தோட்டத்துக்குக் குருவானவர் எப்போதாவதுதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் வேதியர் ஜெபம் சொல்லிப் பிரசங்கமும் வைப்பார். அவருக்குத் திராட்சைத் தோட்டக் கதையில் குழப்பமே கிடையாது. தோட்டம் திருச்சபை, முதலாளி கடவுள், தெனாரியம் மோட்சம். விடியலில் வந்தவர்கள் யூதர்கள், மாலையில் வந்தவர்கள் நாம். அல்லது, விடியலில் வந்தவர்கள் சிறு வயதிலேயே ஞானஸ்நானம் பெற்றவர்கள். மாலையில் வந்தவர்கள் சாகும் தறுவாயில் மனம் திரும்பியவர்கள். இரண்டு விளக்கமும் அவராகக் கண்டுபிடித்தவை அல்ல. 2ஆம் நூற்றாண்டில் புனித இரேனேயு அந்த மணி நேரங்களை மீட்பு வரலாற்றின் காலங்களாகப் பிரித்தார். ஒரிஜன் முதலானவர்கள் மனிதனின் வயதுகளாகவும் பார்த்தார்கள். ரோமைப் பேரரசில் முளைத்த விளக்கம் லத்தீன், பிரெஞ்சு, தமிழ் என்று மாறி மாறி எங்கள் தகரக் கூரையின் கீழ் வந்து சேர்ந்திருந்தது. அப்பா மரியாதையாகக் கேட்டுக்கொள்வார். பெரியம்மா மட்டும் வீட்டுக்கு வந்ததும், "மோட்சம் சரி, சம்பளம் என்னாச்சு?" என்பார்.

1976-ல் தீபகற்ப மலேசியாவின் கத்தோலிக்க ஆயர்களும் குருக்களும் கூடிய மாநாட்டில், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் வீட்டில் கூடி வேதத்தைப் படித்துத் தங்கள் வாழ்க்கையோடு வைத்துப் பேச வேண்டும் என்று முடிவானது. நாங்கள் அதை அன்பியம் என்போம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் இறைவெளிப்பாடு பற்றி வெளியிட்ட ஏட்டில், எல்லா விசுவாசிகளின் கையிலும் வேதம் இருக்க வேண்டும் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தது. அது தோட்டத்து லயம் வரை வந்து சேரக் கொஞ்ச காலம் பிடித்தது. எங்களிடம் அதைக் கொண்டுவந்தவர், பினாங்கு குருமடத்தில் படித்து முடித்துப் பட்டம் பெற்ற ஓர் இளம் குரு. மோட்டார் சைக்கிளில் வருவார். வேதியரின் நாற்காலியில் உட்காராமல் பாயில் உட்கார்ந்தது அவரைப் பற்றிப் பேசப்பட்ட முதல் செய்தி.

வழிபாட்டு ஆண்டின் மூன்று வருடச் சுழற்சியில் இந்தக் கதை செப்டம்பரில் வரும். 1987-ல் அது வந்தபோது நான் இடைநிலைப் பள்ளியில் இருந்தேன். கூட்டம் எங்கள் பெரியம்மா வீட்டு அஞ்சடியில். ஃபாதர் வாசித்துவிட்டு, "உங்களுக்கு என்ன தோணுது, சொல்லுங்க" என்றார். வேதியர் தொண்டையைச் செருமினார். அதற்குள் பெரியம்மா முந்திக்கொண்டார்.

"அன்னிக்கு மழை பேஞ்சிச்சா ஃபாதர்?"

"மழையைப் பத்தி மத்தேயு ஒண்ணும் எழுதலையேம்மா."

"அவரு எப்படி எழுதுவாரு? வரி வசூல் பண்ணுனவருதானே. மரம் வெட்டியிருந்தா எழுதியிருப்பாரு."

சிரிப்பு அடங்கியதும் பெரியம்மா விளக்கினார். அவர் கேட்டது பொழுதுபோக்குக் கேள்வி இல்லை. ரப்பர் மரத்தின் பட்டை ஈரமாக இருந்தால் வெட்ட முடியாது. பால் மங்குக்குள் இறங்காமல் பட்டை முழுக்க வழிந்து வீணாகும். விடியற்காலை பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய் நிற்போம். மழை தூறினால் மரம் காயும் வரை காத்திருக்கச் சொல்வார்கள். பத்து மணி வரை காயாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அன்றைக்குச் சம்பளம் இல்லை. மழைக்காலத்தில் இப்படி நாள்கள் போனால் கடையில் பற்று ஏறும். ஆகவே ஒருவன் சாயங்காலம் வரை வேலையில்லாமல் நின்றான் என்றால், அவன் சோம்பேறி என்று பெரியம்மாவின் மனம் முதலில் நினைக்கவில்லை. வானத்தைத்தான் பார்த்தது.

அடுத்தது அவர் எடுத்தது வரிசைப் பிரச்சினை. "வெடிகாலையில வந்தவனுக்கு மொதல்ல குடுத்து அனுப்பியிருந்தா அவன் பாட்டுக்குக் காச வாங்கிக்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். கடைசியா வந்தவன் எவ்வளவு வாங்குனான்னு அவனுக்கு எப்படித் தெரியும்? வேணும்னே நிக்க வச்சுக் காட்டியிருக்காரு."

இதைச் சொல்ல அவருக்குத் தகுதி உண்டு. பால் ஸ்டோர் வரிசையை நாள் தவறாமல் பார்த்தவர். வாளிகளை இறக்கி வைத்துவிட்டு வெட்டுக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். கைமுழுக்கக் காய்ந்த பால் தோலாய் உரியும். கணக்கெழுதும் கிராணி ஒவ்வொரு வாளியாக நிறுக்கச் சொல்லுவார். ஒரு கரண்டிப் பாலை எடுத்துத் தண்ணீர் கலந்து நீண்ட குவளையில் ஊற்றி, மெட்ரோலாக் என்ற கண்ணாடிக் குழாயை அதில் மிதக்க விடுவார். அது எவ்வளவு முங்குகிறது என்பதைப் பார்த்து, பாலில் ரப்பர் எத்தனை பங்கு, தண்ணீர் எத்தனை பங்கு என்று கணக்காகும். பாலில் மூன்றில் ஒரு பங்கு ரப்பர் இருந்தால் நல்ல பால். எடையை அதோடு பெருக்கினால் அன்றைய உழைப்பு. நுரை அடங்கும் முன்னே படித்தால் ஒரு கணக்கு, அடங்கிய பின் படித்தால் வேறு கணக்கு. வெட்டுக்காரிக்குக் குழாயின் கோடு தெரியாது. கிராணியின் வாயிலிருந்து வரும் எண் மட்டும்தான் தெரியும். முன்னால் நிற்பவளுக்கு என்ன எண் என்று பின்னால் நிற்கும் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். சம்பள வரிசையில் யார் முன்னே, யார் பின்னே, யாருக்கு யார் கணக்கு காதில் விழும் என்பதெல்லாம் அங்கே சின்ன விஷயமே இல்லை.

தொழிற்சங்கத்தில் இருந்த மாமா ஒருவருக்கு முதலாளியையே பிடிக்கவில்லை. "என் காசு, என் இஷ்டம்ங்கிறான். நம்ம தொரையும் இதைத்தானே சொல்றாரு? கேள்வி கேட்டவனத் தனியா நிக்க வச்சு, உன்னுதை எடுத்துக்கிட்டுப் போங்கிறான். நாளைக்கு அவனுக்குப் பெரட்டுல பேர் இருக்குமா? இவரக் கடவுள்னு சொல்லாதீங்க ஃபாதர், எனக்குக் கஷ்டமா இருக்கு."

வேதியர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

சித்தப்பா அதுவரை வாயைத் திறக்கவில்லை. 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் நொடித்துப்போனது. விலை சரிந்தது. கிந்தா பள்ளத்தாக்கில் லம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. சித்தப்பாவின் லம்பமும் அதில் ஒன்று. அன்றிலிருந்து அவர் காலையில் மெங்லெம்பு கடைத்தெருவில் போய் நிற்பார். குத்தகைக்காரன் லாரி வந்தால் ஏறிக்கொள்வார். "அவன் காலையிலேயே வீட்டுக்குப் போயிருக்கலாம்ல?" என்றார். "வேல இல்லன்னு தெரிஞ்சும் சாயந்தரம் வரைக்கும் நின்னான். வீட்டுக்குப் போனா பிள்ளைங்க மூஞ்சியப் பாக்கணும்."

யாரும் பதில் சொல்லவில்லை. கடைசியில் பேசியவர் சிவப்பு அடையாள அட்டைக்காரத் தாத்தா. 1969 மே கலவரத்துக்குப் பிறகு, அவரைப் போலக் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டும் என்று அரசாங்கம் சொன்னது. ஆயிரக்கணக்கான தோட்டத் தமிழர்கள் அப்போது ரஜுலா கப்பலேறி ஊர் திரும்பினார்கள். தாத்தா போகவில்லை, துண்டு வேலை செய்து காலத்தை ஓட்டினார். அவருக்கு இந்தக் கதையே தலைகீழாக நடந்திருந்தது. "நான் வெடிகாலையில வந்தவன். சாயந்தரம் கணக்குப் பாக்கிறப்ப, நீ யாருன்னு கேட்டாங்க" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தார்.

ஃபாதர் முடிவுரை எதுவும் சொல்லவில்லை. "நான் போய்ப் படிச்சிட்டு வர்றேன்" என்றார். அடுத்த முறை குறிப்பெடுத்த தாள்களோடு வந்தார். ஜெர்மானிய அறிஞர் யோவாக்கிம் எரேமியாஸின் உவமைகள் நூலிலிருந்து எடுத்த குறிப்புகள் அவை. ஒரு மணி நேரக் கூலி ஒரு குடும்பத்துக்கு அன்றைய சாப்பாட்டுக்குக் காணாது. முதலாளி அதை யோசித்துத்தான் முழு நாள் கூலி கொடுத்தார். இதில் கடவுளின் இரக்கம் தெரிகிறது என்பது எரேமியாஸின் வாதம். சித்தப்பாவுக்கு அது போதுமானதாக இருந்தது. மாமாவுக்குப் போதவில்லை. கூலியை அன்றன்றைக்கே, பொழுது சாயும் முன் கொடுக்க வேண்டும் என்று லேவியர், இணைச்சட்டம் இரண்டிலும் சட்டம் இருக்கிறது என்று ஃபாதர் சொன்னபோது பெரியம்மா வாயைப் பிளந்தார். எங்களுக்கு மாதக் கடைசியில்தான் சம்பளம். நடுவில் ஒரு முன்பணம். "அன்னன்னிக்கேவா? அப்ப கடைக்காரனுக்கு வேலையே இருந்திருக்காதே."

அதற்குப் பிறகு அந்தப் பேச்சு தொடரவில்லை. 1987 அக்டோபர் 27-ல் லாலாங் நடவடிக்கை தொடங்கியது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் விசாரணையின்றி அடைக்கப்பட்டார்கள். கத்தோலிக்கச் சமூகப்பணியில் இருந்த சகோதரர் அந்தோணி ரோஜர்சும் அவர்களில் ஒருவர். எங்களுக்குப் பக்கத்திலேயே இருந்த புக்கிட் மேராவில், கதிரியக்கக் கழிவை எதிர்த்துப் போராடிய குழுவினரும் பிடிபட்டார்கள். சம்பளத்தைப் பற்றிப் பேசும் வேதக் கூட்டம் யார் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று பெரியவர்கள் பயந்தார்கள். சில மாதங்களுக்கு அன்பியத்தில் ஜெபமாலை மட்டும் சொன்னோம்.

நான் பிறகு ஈப்போவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்குச் சேர்ந்தேன். ஃபாதர் மாற்றலாகிப் போகும்போது சில புத்தகங்களை என்னிடம் விட்டுப் போனார். வேலை முடிந்து பேருந்துக்குக் காத்திருக்கும் நேரங்களில் தொடங்கிய படிப்பு அது. லயத்தில் நடந்த சண்டையின் அடுத்த சுற்றுகளை அறிஞர்கள் எழுதிவைத்திருந்தது போல எனக்குத் தோன்றியது.

முதலில் எரேமியாஸின் நூலையே முழுதாகப் படித்தேன். ஃபாதர் குறிப்பெடுக்காமல் விட்ட ஓரிடத்தில் பென்சிலால் கோடு போட்டேன். யாரும் எங்களைக் கூப்பிடவில்லை என்று அந்தக் கடைசி ஆட்கள் சொல்வது வெறும் சாக்கு, கிழக்கு நாட்டினருக்கே உரிய அலட்சியத்தை மறைக்கும் பேச்சு என்கிற பொருளில் அவர் எழுதியிருந்தார். பாலஸ்தீனத்தில் சிறுவயதைக் கழித்தவர், அரமேயம் கரைகண்டவர், முதலாளியின் இரக்கத்தை உருகி உருகி எழுதியவர். சந்தையில் நின்ற ஆளை மட்டும் அவரால் நம்ப முடியவில்லை. மலேசியாவில் வாழ்கிறவர்களுக்கு இந்தக் குரல் புதிதல்ல. இந்த மண்ணின் மக்கள் சோம்பேறிகள் என்ற பேச்சைக் காலனி ஆட்சியாளர்கள் எப்படிக் கட்டியமைத்தார்கள் என்று சையத் ஹுசேன் அலாத்தாஸ் 1977-ல் ஒரு நூலே எழுதினார். மழை பெய்ததா என்ற ஒரே கேள்வியில் பெரியம்மா எரேமியாஸைத் தாண்டிப் போயிருந்தார்.

ஆனால் இதை வைத்து, படிக்காதவர்களுக்கே வேதம் புரியும், படித்தவர்களுக்குப் புரியாது என்று சொல்லிவிட எனக்கு மனமில்லை. எரேமியாஸைப் படித்திருக்காவிட்டால் யோசேபஸ் எழுதிய வரலாறு எனக்குத் தெரிந்திருக்காது. எருசலேம் கோயில் திருப்பணி கி.பி. 60-களில் முடிந்தபோது 18,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர் வேலையிழந்தார்கள் என்று அந்த யூத வரலாற்றாசிரியர் எழுதுகிறார். ஒருவர் ஒரு மணி நேரமே வேலை செய்திருந்தாலும் கூலி உடனடியாகக் கையில் கொடுக்கப்பட்டதாம். வேலையிழந்தவர்களுக்காக நகரத்துத் தெருக்களுக்கு வெள்ளைக் கல் பாவும் வேலை ஏற்பாடானது. இந்தச் செய்தி தெரிந்த பிறகு உவமையின் சந்தையில் நிற்பவர்களை மோட்சத்துக்குக் காத்திருக்கும் ஆத்துமாக்களாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. சித்தப்பா நின்ற கடைத்தெருவுக்கு முதல் நூற்றாண்டிலேயே ஒரு முன்மாதிரி இருந்திருக்கிறது.

ஜான் கிளோப்பன்போர்க் 2006-ல் வெளியிட்ட ஆராய்ச்சி, பண்டைய பாலஸ்தீனத் திராட்சைத் தோட்டங்களின் பொருளாதாரத்தைத் தோண்டிப் பார்க்கிறது. திராட்சை நட்டுப் பலன் காணச் சில ஆண்டுகள் ஆகும். அத்தனை காலம் வருமானமின்றிக் காத்திருக்கப் பணக்காரனால்தான் முடியும். பறிப்புக் காலத்தில் மட்டும் நிறைய ஆள் வேண்டும். மற்ற நாளில் அந்த ஆட்களைப் பற்றி அவனுக்குக் கவலை இல்லை. ரப்பர் கன்று நட்டுப் பால் வெட்ட ஆறேழு ஆண்டுகள் பொறுக்க வேண்டும். அதற்கான முதலீடு லண்டனிலிருந்து வந்தது, ஆள் தஞ்சாவூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்தது. திராட்சைத் தோட்டம் என்றதும் இயேசுவின் முன்னால் உட்கார்ந்திருந்த குடியானவர்கள் மனதில் ஓர் எஸ்டேட்தான் விரிந்திருக்கும், கொடி படர்ந்த அழகான கொல்லை விரிந்திருக்காது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மாமாவின் கட்சிக்கும் ஆள் இருந்தது. வில்லியம் ஹெர்சோக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1994-ல் எழுதிய நூலில், இந்த முதலாளி கடவுள் இல்லை என்கிறார். விளைநிலத்தை வளைத்துப்போட்ட மேல்தட்டுக்காரன் அவன். பேசியவனைத் தனியே பிடித்து வேலையிலிருந்து விலக்கி மற்றவர்களைப் பயமுறுத்துகிறான். இந்தச் சுரண்டலை வெளிச்சம் போட்டுக் காட்டவே இயேசு கதை சொன்னார் என்பது அவர் வாதம். கடைசியானோர் முதன்மையாவர் என்ற முடிவு வசனம், நற்செய்திகளில் வேறு இடங்களிலும் தனித்து வருவது. மத்தேயு அதை இங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கலாம் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்த வசனத்தை எடுத்துவிட்டுப் படித்தால் கதை அப்பட்டமான சம்பளக் கதையாகவே நிற்கிறது. அந்தப் பக்கங்களைப் படித்தபோது மாமா உயிரோடு இல்லை. இருந்திருந்தால், "இதுக்கு அமெரிக்காவுலேர்ந்து வரணுமா?" என்று கேட்டிருப்பார்.

எங்கள் எல்லோரையும் திருத்தியது ஏமி-ஜில் லெவின் என்ற யூதப் பேராசிரியர் 2014-ல் எழுதிய உவமைகள் நூல். முணுமுணுத்தவர்கள் யூதர்கள், தாமதமாக வந்தவர்கள் கிறிஸ்தவர்கள் என்று பிரசங்கிப்பது கதையில் இல்லாத ஒன்றைத் திணிப்பது. கதை சொன்னவரும் கேட்டவர்களும் எல்லோருமே யூதர்கள்தானே என்கிறார். அன்றன்றைய கூலியைக் கொடு என்ற சட்டமும் அவர்களுடைய வேதத்திலிருந்து வந்ததுதான். எங்கள் வேதியர் நல்ல மனிதர். ஒரு யூதரையும் பார்த்தவரில்லை. அவர் வாயிலிருந்து நாங்கள் ஞாயிறுதோறும் ஓர் இனத்தைப் பற்றிய ஏளனத்தைக் கேட்டு வளர்ந்திருக்கிறோம் என்பதை லயத்து அனுபவம் மட்டும் எனக்குக் காட்டியிருக்காது. அதற்குப் புத்தகம் வேண்டியிருந்தது.

இப்படிப் படிப்பதைப் பார்த்து அம்மாவுக்குக் கவலை. "ரொம்ப ஆராய்ஞ்சா விசுவாசம் போயிரும்" என்பார். முதல் நற்செய்தியை எழுதியவர் வரிதண்டிய மத்தேயுவாக இருக்க முடியாது என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்வதை ஒரு நாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "யாரு எழுதினா என்ன, சம்பள விசயம் தெரிஞ்சவருதான் எழுதியிருக்காரு" என்றார். எனக்கும் அந்த அளவில்தான் விசுவாசம் நின்றது. ஆனால் பழைய மாதிரி நிற்கவில்லை. கதை எனக்குச் சாதகமாகத்தான் பேசுகிறது என்ற நிச்சயம் போய்விட்டது. லயத்தில் ஒவ்வொருவரும் தாங்கள் நின்ற இடத்திலிருந்து வாசித்தார்கள், எரேமியாஸும் அப்படித்தான். ஆராய்ச்சி எனக்குச் செய்த உதவி, நான் எங்கே நின்றுகொண்டு வாசிக்கிறேன் என்று கேட்க வைத்தது.

அந்தக் கேள்விதான் இப்போது சங்கடமாக இருக்கிறது. எங்கள் தோட்டம் விற்கப்பட்டு இன்று வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. லயத்துப் பிள்ளைகள் ஈப்போவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். சிலர் சொந்தமாகக் குத்தகை எடுக்கிறார்கள், சிலர் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார்கள், கார் கழுவும் இடம் வைத்திருக்கிறார்கள். அங்கெல்லாம் வேலை செய்வது வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். பூசை முடிந்து கோயில் வளாகத்தில் பேசிக்கொண்டிருக்கையில் அடிக்கடி காதில் விழுவது: "நம்ம தாத்தா காட்டை அழிச்சு உண்டாக்குன நாடு. நேத்து வந்தவனுக்கு இவ்வளவு சம்பளமா?" எங்களைப் பெண்டாத்தாங், வந்தேறி என்று யாராவது மேடையில் சொன்னால் கொதித்துப்போகிற அதே வாய்தான் இதையும் சொல்கிறது. சிவப்பு அட்டைத் தாத்தாவின் பேரன்களும் அதில் உண்டு. வெயிலையும் பாரத்தையும் நாங்கள்தான் தாங்கினோம் என்ற முறையீட்டில் பொய் இல்லை. உவமையில் முணுமுணுத்தவர்களும் பொய் சொல்லவில்லை. சித்தப்பாவோடு கடைத்தெருவில் நின்ற குடும்பம் ஒரு தலைமுறைக்குள் விடியல் ஆட்களின் வரிசைக்கு நகர்ந்துவிட்டது. சிலர் முதலாளியின் நாற்காலிக்கே போய்விட்டார்கள்.

அவர்கள் குறைசொல்லும் அந்தச் சம்பளமும் சுலபத்தில் வந்ததல்ல. நாள் கணக்கில் போட்ட தோட்டக் கூலியை நிலையான மாதச் சம்பளமாக்கத் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும் மற்றவர்களும் பல காலம் குரல் கொடுத்தார்கள். மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் 2013-ல்தான் நடைமுறைக்கு வந்தது. தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி. 2025 பிப்ரவரியிலிருந்து அது 1,700 வெள்ளி. வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் அது உண்டு. வீட்டு வேலை செய்பவர்களுக்கு மட்டும் இல்லை.

2026 செப்டம்பரில் திராட்சைத் தோட்டக் கதை சுழற்சியில் மறுபடி வருகிறது. எங்கள் அன்பியத்தில் அன்றைக்குப் பகிர்வு என் முறை. எரேமியாஸ், ஹெர்சோக், லெவின் பெயர்களைச் சொல்லி யாரையும் தூங்க வைக்கப் போவதில்லை. சொந்தக் கடையிலும் குத்தகையிலும் வீட்டிலும் ஆள் வைத்திருக்கிறவர்கள், மழை பெய்து வேலை நின்ற நாளுக்கு என்ன கொடுத்தீர்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்லலாம் என்றிருக்கிறேன். எங்கள் வீட்டுத் தோட்டத்தில் புல் வெட்ட வருபவரின் கணக்கிலிருந்து நானே ஆரம்பிக்க வேண்டும். அன்றைக்குக் கூட்டம் சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைக்கிறேன்.